ஒத்துக்கிடாத தண்ணீர்

எங்கள் அம்மாவுக்கு அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும், எங்களை அருவிக்கு ஏற்றிப் போகிற வேன் டிரைவருக்குக்கூடத் தெரியும். சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குக் கருவாடு ஒத்துக்கொள்ளாது. அம்மாவுக்கு அருவி. அந்தக் காலத்தில் யார் கூப்பிட்டாலும் அவளே முந்திக்கொண்டு, “எனக்கு ஒத்துக்கிடாது, நீங்க போயிக் குளிங்க” என்று சொல்லிவிடுவாள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை, பத்துப் பேர் நடுவில் இதையே மறுபடி எடுத்தாள். “உங்கம்மாவுக்குத்தான் அருவின்னாலே ஆகாதே” என்றாள். அம்மா அங்கே இல்லை, இருந்திருந்தால் அவளே பதில் சொல்லியிருப்பாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. கல்யாண வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு பாயசத்தைக் குடித்தேன். இதை எழுதும்போது வாயை மூட வேண்டிய அவசியம் எனக்கில்லை.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சினிமா, இல்லாவிட்டால் அய்யனார் கோயில் அருவி. அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். ஐப்பசி மழை நாலு நாள் அடித்துவிட்டு ஓய்ந்ததும், ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடும்போதே, “ஞாயித்துக்கெழமை போவோம்” என்பார். எங்கே என்று யாரும் கேட்க மாட்டோம். எங்களுக்கு அது குளியல். அம்மாவுக்கு அது வேறு. சனிக்கிழமை ராத்திரியே மசாலா அரைக்க வேண்டும். பெரிய பானை, சின்னப் பானை, கரண்டி, அரிசி, வெங்காயம், தேங்காய் என்று சாக்கில் கட்ட வேண்டும். காலையில் கறி வாங்கி வந்ததும் மஞ்சள் தடவித் தூக்குவாளியில் அடைக்க வேண்டும். அருவிக்கரையில் சுடச்சுடச் சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுவதுதான் அருவிக்குப் போவது என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு இளக்காரம்.

வேன் மாந்தோப்புகளைத் தாண்டி அடிவாரத்தில் நிற்கும். அங்கிருந்து பாறை மேலும் ஓடைக்குள்ளும் நடை. பானை, சட்டியெல்லாம் பெண்கள் தலையில். மேலே போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போய்விடுவார்கள். அப்பா தண்ணீருக்குள் நின்று பாட்டுப் பாடுவார். நல்ல குரல், அதில் குறையொன்றும் சொல்ல மாட்டேன். அத்தையும் மற்ற பெண்களும் அடுப்பு மூட்டுகிற வரைக்கும் கூட இருந்துவிட்டு, சேலையோடு போய் ஒரு ஓரமாக நனைந்துவிட்டு வருவார்கள். அம்மா மட்டும் மூன்று கல் வைத்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். காற்று அருவிப் பக்கமிருந்து வீசுமென்பதால், புகை முகத்தில் அடிக்காமலிருக்க அருவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். குரங்கு அதிகம், சாமானுக்கு ஒரு ஆள் வேண்டும். ஒத்துக்கொள்ளாதவள் ஒருத்தி குடும்பத்தில் இருந்தது எல்லோருக்கும் எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூன்று மணிக்கு மேல் யானை இறங்கும் என்று பயந்து, சாப்பிட்ட கையோடு பாத்திரத்தைக் கழுவிக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம்.

எனக்குப் பதிமூன்று வயதிருக்கும். ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் சும்மாதான் கேட்டேன்.

“ஏம்மா, குளிச்சா உனக்கு என்ன செய்யும்? தும்மல் வருமா, காய்ச்சல் வருமா?”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “தெரியலையே” என்றாள்.

“கடைசியா எப்பம்மா குளிச்சே?”

“எங்க குளிச்சேன்? நான் இந்த அருவியில குளிச்சதே இல்லையே.”

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு நாளும் குளிக்காதவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று யார் கண்டது? துருவித் துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. நான் பிறந்து மூன்றாம் மாதம் குடும்பத்தோடு அருவிக்கு வந்திருக்கிறார்கள். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போகப் பார்த்திருக்கிறாள். அத்தை தடுத்து, “பச்சை உடம்பு, அருவித் தண்ணி ஒத்துக்கிடாது” என்றிருக்கிறாள். அன்றைக்கு அது நியாயமான பேச்சுதான். பிள்ளை பெற்றவளுக்கு யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த உடம்பு பச்சையாக இருந்தது போதும் என்று பிறகு ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் அத்தை பழக்கத்தில் அதையே சொன்னாள். அதற்கடுத்த வருடம் அப்பா சொன்னார். அதன் பிறகு அம்மாவே சொல்லத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பதிமூன்று வயதாகியும் அம்மாவுக்குப் பச்சை உடம்பு.

நான் பொறுக்கிற ஜாதி இல்லை. சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

“அம்மா இன்னைக்குக் குளிக்கட்டும். சாமானுக்கு நான் இருக்கேன்.”

அப்பா சிரித்தார். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவளுக்கு ஒத்துக்கிடாதுட்டி” என்றாள்.

“குளிச்சாத்தானே அத்தை தெரியும் ஒத்துக்கிடுமா இல்லையான்னு.”

“வாயப் பாரு இவளுக்கு” என்று அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்குச் சாப்பிட்ட சந்தோஷம். “சரி, போயிக் குளிச்சிட்டுத்தான் வரட்டுமே” என்றார். அம்மா எழுந்தாள். சேலையை உதறினாள். நான் இரண்டு கையையும் விரித்துச் சாமான்களைக் காத்து நின்றேன். பார்வை மட்டும் அம்மா மேல். அவள் கால் ஒவ்வொரு பாறையாகத் தாண்டிப் போகிறது. ஓரத்துத் தண்ணீரில் கணுக்கால் நனைகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு எனக்குப் பின்னால் வந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை அப்படியே தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போயிற்று. நான் “அய்யோ” என்று கத்தினேன். அம்மா திரும்பி ஓடி வந்துவிட்டாள்.

“பாத்தியா” என்றாள் அத்தை. வேறெதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அம்மா பழையபடி உட்கார்ந்து பாத்திரத்தை ஒழித்துப் போட்டாள். ஒரு சீப்புப் பழத்துக்காக நான் ஏன் கத்தினேன் என்று இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம். தின்றுவிட்டுப் போகட்டும் என்று நின்றிருக்க வேண்டும். அம்மாவை அன்று திரும்ப வைத்தது அத்தை இல்லை, நான்தான்.

அதற்குப் பிறகு நானும் வயதுக்கு வந்தேன். ஆண்கள் கரையேறிய பிறகுதான் நான் குளிக்க வேண்டும், தாவணிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு குளிக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு பட்டியல் வந்தது. நான் எதையும் கேட்கவில்லை. அப்பா பாடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் போய் நின்று நனைந்தேன். ஊரில் என்னை அடங்காப்பிடாரி என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் புகைக்கு நடுவில் அம்மாவின் முதுகு தெரியும். நான் மட்டும் நனைந்து என்ன கிழித்தேன் என்று இருக்கும். வீட்டில் பேச்செடுத்தால் அம்மாவே என்னை அடக்குவாள். “எனக்கே வேண்டாங்கேன், உனக்கு என்னட்டி?” என்பாள். அந்த வார்த்தைக்கு மேல் நான் யாரோடு சண்டை போடுவது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அம்மாவின் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆடி மாதம் தேரோட்டத்துக்கு அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். தேர் நிலைக்கு வந்த பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது குற்றாலம் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா வழக்கம்போல, “எனக்கு அருவித் தண்ணி ஒத்துக்கிடாதுக்கா” என்றாள்.

பெரியம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

“யாருக்கு? உனக்கா?”

“ஆமாக்கா. ரொம்ப வருசமா.”

“ஏட்டி, நீ தோட்டத்துக் கெணத்துல பம்பு ரூம் மேல ஏறிக் குதிச்சவ. கார்த்திகை மாசம் பல்லு கிட்டுற குளிர்ல குதிச்சே. நான்தான் மேல நின்னு அழுதேன். உனக்கா தண்ணி ஒத்துக்கிடாது?”

அம்மா வெட்கப்பட்டவள் மாதிரி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. பம்பு ரூம் மேலிருந்து குதித்த ஒருத்தியை எனக்குத் தெரியவே தெரியாது. அவளைத்தான் நாங்கள் அத்தனை வருடம் அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறோம்.

அன்றைக்கே முடிவு செய்தேன். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புக்குப் போவது, அங்கிருந்து மீன்வெட்டிப் பாறை அருவிக்கு நடப்பது. அம்மா, பெரியம்மா, நான், மூன்று பேர் மட்டும். அடுப்பு கிடையாது, பானை கிடையாது. இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி இலையில் கட்டிக்கொள்வது. காவல் காக்க ஒன்றுமில்லாவிட்டால் காவல்காரியும் தேவையில்லை என்பது என் கணக்கு.

வீட்டில் சொன்னதும் அப்பா பேப்பரை மடித்தார். “ஆம்பளை இல்லாம காட்டுக்குள்ள எப்படிப் போவிய? யானை நிக்கிற இடம்.”

“நீங்க இருந்தா யானை வராதாப்பா?”

“எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு” என்றார். அவருக்குக் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம். தான் இல்லாமல் தன் வீட்டார் ஒரு அருவிக்குப் போவார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. செய்தி கேட்டு அத்தை வந்துவிட்டாள். கடைசியில் அம்மாதான் தீர்த்து வைத்தாள். “பிள்ளை ஆசைப்படுதா. கூடப் போயிட்டு வாரேன். நான் குளிக்கெல்லாம் மாட்டேன், சும்மா பாத்துட்டு வந்துருதேன்.” அப்பா சரி என்றார். அத்தை சரி என்றாள். எனக்குத்தான் சரிப்படவில்லை. குளிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய அனுமதி எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஆனாலும் விடியற்காலையில் எழுந்து இட்லிக்கு அடுப்பைப் பற்ற வைத்தது நான்தான்.

செண்பகத்தோப்பு வரை ஆட்டோவில் போனோம். வனத்துறை கேட்டில் வாட்சர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார்.

“கூட ஆம்பளை ஆள் யாரும் வரலையா?”

“இல்லய்யா, நாங்க மூணு பேருதான்” என்றாள் பெரியம்மா.

“யானை நடமாட்டம் இருக்கும்மா.”

“ஆம்பளையப் பாத்தா ஒதுங்கிப் போயிருமாய்யா?”

நான் பக்கத்தில் நின்றதால் பெரியம்மாவுக்கு எதிர்ப்பேச்சு வந்ததா, இல்லை அது அவர்கள் வீட்டு ரத்தமேதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வாட்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டு மணிக்கெல்லாம் இறங்கிவிட வேண்டும், தானே வந்து விசில் அடிப்பேன் என்றார். நல்ல மனிதர். பாதையில் யானைச் சாணம் பழசாகத்தான் கிடக்கிறது, பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

தலையில் பானை இல்லாமல் அம்மா மலையேறுவதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அவள் நடை இவ்வளவு வேகமா என்று இருந்தது. நானும் பெரியம்மாவும் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் அவள் முன்னால் ஒரு பாறையில் நின்றுகொண்டு, “வாங்க, வாங்க” என்பாள். கையை வீசிக்கொண்டு நடந்தாள். ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. பாசிக்கல் எது, காய்ந்த கல் எது என்று பார்க்காமலே அவள் காலுக்குத் தெரிந்திருந்தது.

அருவி பெரிதில்லை. பாறையில் அகலமாக வழிந்து ஒரு பள்ளத்தில் விழுகிறது. ஆள் நடமாட்டமே இல்லை. பையை ஒரு கல்லில் வைத்துவிட்டு நானும் பெரியம்மாவும் இறங்கினோம். அம்மா கரையில் நின்றாள். வா என்று நான் கூப்பிடவில்லை. வாய் துறுதுறுவென்று வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். எத்தனையோ வருடமாக அவளுக்காக நானே பேசி நானே தோற்றிருக்கிறேன். இந்த ஒரு தடவை சும்மா இருப்போம் என்று தண்ணீருக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். கொண்டையை அவிழ்த்து ஊசிகளைப் பைக்குள் போட்டாள். யாரையும் பார்க்காமல் நேராகப் பள்ளத்துக்குள் இறங்கி, விழுகிற தண்ணீருக்குக் கீழே போய் நின்றாள். முதல் அடிக்குக் குனிந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து நெற்றியில் வாங்கினாள், தோளில் வாங்கினாள், திரும்பி நின்று முதுகில் வாங்கினாள். வாயைத் திறந்து ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

“எம்புட்டு கனமா இருக்குட்டி” என்றாள். “தண்ணி இம்புட்டு கனமா இருக்கும்னு நீங்க ஒருத்தரும் சொன்னதே இல்லையே.”

 அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அருவிக்கு அடியில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. வாட்சர் கீழேயிருந்து விசில் அடித்தார். பெரியம்மா கரையேறித் தலை துவட்டினாள். அம்மா வரவில்லை. இரண்டாவது விசிலுக்கும் வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்ததற்கு, “செத்த நேரம் இரு” என்று உதறினாள். அந்தச் செத்த நேரம் அரை மணி நேரம் ஆயிற்று. வாட்சர் மேலே ஏறி வந்து தூரத்தில் நின்று சத்தம் போட்ட பிறகுதான் வந்தாள்.

மறுநாள் காலையில் அம்மாவுக்குத் தும்மல் வந்தது. சாயங்காலம் காய்ச்சல். இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. நல்ல காய்ச்சல், நெற்றியில் கை வைக்க முடியவில்லை. அத்தைக்கு எப்படித்தான் தெரிந்ததோ, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிட்டாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “குளிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயி இப்படிப் பண்ணிட்டு வந்திருக்கியே. ஒத்துக்கிடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல” என்றாள். அப்பா வாசல்படியில் நின்று, “நான் சொன்னா யாரு கேக்கா” என்றார்.

நான் படபடவென்று ஆரம்பித்தேன். மழைக்காலம், ஊரே இருமிக்கொண்டிருக்கிறது, எங்கள் கம்பெனியில் நாலு பேருக்குக் காய்ச்சல், அவர்களெல்லாம் அருவிக்கா போனார்கள் என்று கேட்டேன்.

“நீ சும்மா இரு” என்றாள் அம்மா. போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். குரல் கட்டியிருந்தது.

“ஒத்துக்கிடலை மதினி. ஆமா, ஒத்துக்கிடலை. அதுக்கு இப்ப என்ன?”

  அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நிரூபிக்க நான் எட்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால்தான் என்ன என்று ஒரு நாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். “நீங்க வருசா வருசம் அருவியில ஆடிட்டு வந்து மூணு நாளு தும்மிக்கிட்டுக் கெடப்பீய. ஒத்துக்கிடாது, போகாதீயன்னு நான் ஒரு நாளு சொல்லியிருப்பனா? கசாயம் போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு மறுபடியும் போனீய.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “சுக்கு மேல்தட்டுல இருக்கு. மிளகு அதுக்குப் பக்கத்து டப்பா. போட்டுக் கொண்டாங்க.”

 அப்பா அடுப்படிக்குப் போனார். டப்பா ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அத்தை எழுந்து உதவப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, “அவியளே போடட்டும்” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதானே என்று கேட்டாள்.